எல்லை போட்ட கிடா

மே 9, வியாழன்

வந்து சேர்ந்தாச்சு. இடுப்பு ரெண்டாகிவிட்டது. தலைநகரிலிருந்து வடக்கே ஒரு பகல், ஒரு இரவு பஸ், அப்புறம் ஜீப். கம்பெனி முதலாளி நிரஞ்சன் மட்டும் பாதித் தூரம் விமானத்தில் வந்து, மாவட்டத் தலைமையூரில் ஏசி அறை பிடித்து உட்கார்ந்துவிட்டான். "ஆவுடை மேடம், ஃபீல்டு நீங்க பாத்துக்கோங்க, மேப் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறான். வரப்பில் நடக்கவிட்டால் வழுக்கி விழுகிற பயல், எனக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறான்.

டெண்டரில் 'நீண்ட கள அனுபவம் உள்ளவர் ஒருவர்' என்று கேட்டிருந்தார்களாம். அதற்காகத் திருநெல்வேலியில் ரிட்டயராகி, நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நில அளவை ஆய்வாளர் ஆவுடையம்மாளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். கொலுப்படியில் ஒரு பொம்மை குறைந்தால் எதையாவது தூக்கி வைப்பார்களே, அப்படி.

வேலை இதுதான். கானா நாட்டின் வடக்கே கசாலே என்று ஒரு மாவட்டம். அதைக் கிழக்கு, மேற்கு என்று ரெண்டாக அறுக்கப்போகிறார்கள். எல்லை எங்கே ஓட வேண்டும் என்று நான் நடந்து பார்த்து எழுத வேண்டும். மற்ற இடத்திலெல்லாம் தகராறு இல்லை. பியுங்கு என்ற குக்கிராமம் மட்டும்தான் வம்பு. நாற்பது வீடு தேறாது. அதற்கு ஒரு கமிட்டி, ஒரு கம்பெனி, ஒரு நான்.

மே 11, சனி

ஃபைலை முழுக்கப் படித்தேன். படித்தபின் முகம் கழுவினேன்.

இந்த வடக்குப் பகுதியை வெள்ளைக்காரன் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பாதுகாப்புப் பிரதேசம்' என்று அறிவித்திருக்கிறான். யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்க என்று எங்கும் எழுதவில்லை. ராஜா இருந்த ஊரில் ராஜாவைப் பிடித்து வேலை வாங்கினான். ராஜாவே இல்லாத ஊர்களில் ஒரு ஆளைப் பிடித்து, இவன்தான் ராஜா என்று சொல்லி வரி வசூலிக்க அனுப்பினான். சுதந்திரம் வந்தது. வடக்கை அறுத்து 'மேல் பிரதேசம்' என்று ஒன்று செய்தார்கள். அதையும் அறுத்து மேல் கிழக்கு, மேல் மேற்கு. நாடு முழுக்க அறுபத்தைந்தாக இருந்த மாவட்டம் நூற்றுப் பத்தாகி, குட்டி போட்டுக் குட்டி போட்டு இப்போது இருநூற்று அறுபதைத் தாண்டிவிட்டது. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நெல்லையை அறுத்துத் தூத்துக்குடி, மறுபடி அறுத்துத் தென்காசி என்று சங்கிலி பிடித்தவள்தானே நானும். ஒவ்வொரு தடவையும் புதுக் கலெக்டர் ஆபீஸ் வந்தது. பழைய குழாயில்தான் தண்ணீர் வரவில்லை.

பியுங்கு விஷயத்துக்கு ஆதாரம் என்று ஒரு கேப்டன் வரைந்த பழைய வரைபடத்தை வைத்திருக்கிறார்கள். தோனா ஆற்றின் மேலேயே பென்சிலால் எல்லைக் கோடு. ஆற்றை எல்லையாக்குவது சோம்பேறி சர்வேயர் வேலை. குதிரையை விட்டு இறங்காமலேயே முடித்துவிடலாம். அந்தப் புண்ணியவான் வெயில் காலத்தில் வந்திருக்கிறான். ஆறு வறண்டு ரெண்டு கால்வாயாகக் கிடந்திருக்கும். மேற்குக் கால்வாயை ஆறு என்று போட்டுவிட்டுப் போய்விட்டான். உண்மையான ஆறு கிழக்கே ஓடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டது பியுங்கு: அவன் கோட்டுக்குக் கிழக்கே, ஆற்றுக்கு மேற்கே. அவன் படத்தில் அந்த ஊரே கிடையாது.

நல்லவேளை, கமிட்டிக்கு ஒரு விதி இருக்கிறது. இங்கே ஒவ்வொரு வட்டாரத்து மண்ணுக்கும் ஒரு பூசாரி உண்டு. தெண்டானா என்கிறார்கள். அரசன் வேறு, இவர் வேறு. மண் இவர் பொறுப்பு. பியுங்கு எந்த மண்பூசாரியின் மண்ணோ, அந்தப் பக்கத்து மாவட்டத்தில் சேரும். கிழக்குப் பூசாரி தன்னுடையது என்கிறார். மேற்குப் பூசாரியும் தன்னுடையது என்கிறார். ரெண்டு பேரிடமும் பட்டா இல்லை. விளங்கின மாதிரிதான்.

மே 14, செவ்வாய்

பியுங்குவில் அபோகா என்ற அம்மாள் வீட்டில் எனக்கு ஒரு அறை. என் வயதுதான் இருக்கும். வட்டமான மண்வீடு, சாணியும் களிமண்ணும் பூசிய சுவர். சுற்றிலும் வேப்பமரம். கடல் கடந்து வந்தும் வேப்பமுத்து மிதிபடுகிறது.

சாப்பாடுதான் சள்ளை. கம்பு மாவில் களி கிண்டுகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. குழம்பில்தான் எதை எடுத்தாலும் கருவாட்டுப் பொடி. நான் முட்டைகூடத் தொட மாட்டேன் என்று டிரைவர் அயாம்கா சொன்னதும் அபோகா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன வியாதி சிஸ்டர்?"

"வியாதி இல்ல. பிறந்ததிலேருந்து சாப்பிட்டதில்ல. எங்க வீட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்க."

"அப்ப உங்க வீட்டுக்கே வியாதியா?"

அயாம்கா சிரித்தான். இவனுக்கு நாற்பது வயது. நன்றாக இங்கிலீஷ் பேசுகிறான், எனக்கு மொழிபெயர்ப்பும் இவன்தான். பக்கத்து ஊர்க்காரன் என்பதால் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் மச்சான்.

அபோகாவின் மகள் லாரிபா நிறை மாசத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள். போன மழைக்கும் இப்படித்தான் இருந்தாளாம். வலி எடுத்தபோது கிழக்கு ஆஸ்பத்திரிக்கு ஆற்றைத் தாண்ட முடியவில்லை. தோனா ரெண்டு கரை புரண்டு ஓடியிருக்கிறது. மேற்கே நல்ல ரோடு இருக்கிறது, பைக்கோடு மருத்துவச்சியும் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டால், 'உங்க ஊர் எங்க பக்கமான்னு இன்னும் முடிவாகல, அனுப்ப உத்தரவு இல்ல' என்று அவள் மேலதிகாரி சொல்லிவிட்டானாம். பிள்ளை செத்துப் பிறந்தது. இவள் பிழைத்தது பெரிய விஷயம்.

"அப்ப நாங்க மேற்குன்னு கமிட்டியில போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

அபோகா வாயைப் பொத்திக்கொண்டாள். அயாம்காதான் சொன்னான்: "இவங்க வந்து குடியேறினவங்க மேடம். நாலு தலைமுறை ஆனாலும் வந்தவங்க வந்தவங்கதான். மண்ணு யாரோடதுன்னு வந்தவங்க வாய் திறக்கக் கூடாது. திறந்தா குடி அழியும்."

ஏற்கெனவே அழிந்துகொண்டுதானே இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கென்ன, நான் அளக்க வந்தவள்.

மே 15, புதன்

மழை. ரசப்பொடி டப்பாவில் எறும்பு. நிரஞ்சன் போன் செய்து 'அப்டேட்' கேட்டான். எறும்பைச் சொன்னேன்.

மே 19, ஞாயிறு

கருவியைத் தூக்கிக்கொண்டு பழைய கால்வாய் முழுக்க நடந்தேன். கேப்டன் விட்ட பிழை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஆனால் பிழை என்று நிரூபித்தாலும் பியுங்கு யார் மண் என்று ஆகாது. அதுவே என் தலைவலி.

இதற்கு நடுவில் ஒரு சவம் பிடித்த கிடா. காலையிலிருந்து என் பின்னாலேயே வருகிறது. கறுப்பு, ஒரு காது கிழிந்தது. என் குடையின் துணியைத் தின்றது. மதியம் மரத்தடியில் கருவியை நிறுத்தி வைத்தால் அதன் காலில் போய் உரசுகிறது. யார் ஆடு என்று கேட்டால் பியுங்குவில் எல்லாரும் கையை விரித்துவிட்டு நகர்ந்துபோகிறார்கள். ஆட்டைப் பார்த்து அப்படி என்ன பயம் என்று தெரியவில்லை.

அயாம்கா டயர் ஒட்டப் போயிருந்தான். ஆற்றில் இன்னும் முழங்காலளவுதான் தண்ணீர். அக்கரையில் ஒரு வீடு தெரிந்தது. கிடாவை என் முந்தானையால் கட்டி இழுத்துக்கொண்டு போய் அங்கே இருந்த கிழவரிடம் கொடுத்தேன். பியுங்கு பக்கம் கையைக் காட்டி, 'அங்கே கிடைத்தது, யாருடையது என்று தெரியாது' என்று ஜாடை காட்டினேன். அவர் எழுந்து நின்று ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவர் வீட்டு ஆட்கள் வரிசையாக வந்து எனக்குக் கை தட்டி வணக்கம் சொன்னார்கள்.

ஒரு ஆட்டுக்கு இத்தனை மரியாதை. நல்ல மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மே 22, புதன்

நான் ஒரு முட்டாள். இதைக் கொட்டை எழுத்தில் எழுதினாலும் தகும்.

அந்தக் கிழவர்தான் அபூக்ரே. கிழக்கு மண்பூசாரி.

விஷயம் தெரிந்ததும் அயாம்கா ஜீப்பை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். "என்ன காரியம் பண்ணிட்டீங்க மேடம்! ஆள் இல்லாத ஆடு யார் மண்ணுல அகப்படுதோ, அந்த மண்பூசாரிக்குத்தான் சொந்தம். பட்டா, பத்திரம், எல்லாம் இங்க அதுதான். பியுங்குல அகப்பட்ட ஆட்டை அபூக்ரே கையில குடுத்தீங்கன்னா, பியுங்கு அவர் மண்ணுன்னு நீங்களே சொன்ன மாதிரி."

"நான் யாருல சொல்றதுக்கு? அசலூர்க்காரி!"

"அசலூர்ங்கிறதாலதான். ரெண்டு பக்கமும் சேராத ஆளு. அரசாங்கம் அனுப்பின ஆளு. இதைவிடச் சாட்சி வேணுமா?"

அதனால்தான் பியுங்குக்காரர்கள் யாரும் கிடாவைத் தொடவில்லை. யாரிடம் ஓட்டிக்கொண்டு போனாலும் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அந்தத் தீர்ப்பை, குடைத்துணி போன கோபத்தில் நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கேப்டனாவது குதிரையில் உட்கார்ந்து பிழை செய்தான். நான் நடந்து போய், முந்தானையை அவிழ்த்துக் கட்டி, மெனக்கெட்டுச் செய்திருக்கிறேன்.

அபோகா வழக்கம்போலக் கருவாடு போடாமல் தனியாகக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மே 23, வியாழன்

நிரஞ்சனுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. குதித்துக்கொண்டு போன் செய்தான். "சூப்பர் மேடம்! லைன் பழைய மேப்போட பெர்ஃபெக்ட்டா மேட்ச் ஆகுது. பியுங்கு கிழக்கு. முடிச்சிரலாம்."

"மழைக்காலத்துல அந்த ஊர் அக்கரையிலேருந்து துண்டாயிரும் தம்பி."

"அது வேற டிபார்ட்மென்ட் மேடம்."

வேற டிபார்ட்மென்டாம். பேதியில போவான்.

மே 27, திங்கள்

அயாம்காவைப் பிடித்து உட்காரவைத்து, வழக்கத்தை ஆதியோடந்தமாகக் கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான். வேறு ஒன்றுமில்லை.

அகப்பட்ட ஆட்டை உடனே பலி கொடுக்க மாட்டார்கள். கசாலே சந்தை சில தடவை கூடிக் கலையும்வரை கட்டி வைத்து, சொந்தக்காரன் வருகிறானா என்று பார்ப்பார்கள். வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அது ஆள் இல்லாத ஆடு இல்லை. வாங்கி வைத்திருந்ததற்கும் அர்த்தம் இல்லை.

"இந்தக் கிடாவுக்கு யாரும் வர மாட்டாங்க மேடம். ஆத்துக்கு மேல்பக்கத்து ஊர்லேருந்து தப்பி வந்தது போல."

கிடா இப்போது அபூக்ரே வீட்டு மரத்தில் நிற்கிறதாம். கமிட்டி சனிக்கிழமை கூடுகிறது. லாரிபாவின் கால் வீங்கியிருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆற்றின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பொய்யளவு எழுதினதில்லை. மந்திரி மச்சினன் காரை அனுப்பியும் எழுதினதில்லை. ஆவுடை கோடு என்றால் ஆபீஸில் மறுஅளவை போட மாட்டார்கள். இதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 1, சனி

நாலு நாளாக மழை இல்லை, ஆறு மறுபடி முழங்காலுக்கு இறங்கிவிட்டது. கமிட்டி அபூக்ரே வீட்டு முற்றத்தில் கூடியது. தலைநகரிலிருந்து வந்த தலைவர், கறுப்புக் கோட்டு, அந்த வெக்கையில். நிரஞ்சன் புதுத் தொப்பி. மேற்குப் பூசாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில். பியுங்குக்காரர்கள் வந்து வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் அபோகா. மரத்தில் கிடா.

வருகிறவர்களுக்கெல்லாம் கோலா கொட்டை உடைத்துக் கொடுத்தார்கள். நம்மூர்ப் பாக்குக்கு அண்ணன், ஒரே கசப்பு. பேச்சு வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் அபூக்ரே எழுந்தார். அதிகம் பேசவில்லை. மரத்தைக் காட்டினார். "பியுங்குல அகப்பட்டது. அளக்க வந்த அம்மா தன் கையால கொண்டு வந்து குடுத்தாங்க. கேட்டுக்குங்க."

நிரஞ்சன் தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினான். தலைவர் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"குடுத்தது நான்தான்," என்றேன். "ஆனா அது அகப்பட்ட ஆடு இல்ல. என் ஆடு. நான் விலைக்கு வாங்கினது. இந்தப் பெரியவருக்குப் பரிசாக் கொண்டுவந்து குடுத்தேன்."

அயாம்கா மொழிபெயர்க்க மறந்துபோய் என்னையே பார்த்தான். அப்புறம் சொன்னான். முற்றத்தில் ஒரு சலசலப்பு. மேற்குப் பூசாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், என்ன உளர்றீங்க?" இது நிரஞ்சன், தமிழில்.

"நீ கம்முனு இருல."

தலைவர் கேட்டார்: "நீங்கள் மாமிசமே சாப்பிட மாட்டீர்கள் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பேச்சு. உங்களுக்கு ஆடு எதற்கு?"

"பாலுக்கு."

அயாம்கா இதைச் சொன்னதும் எல்லாத் தலையும் மரத்தடிக்குத் திரும்பியது. கிடாவும் நன்றாகப் பக்கவாட்டில் திரும்பி, தான் யார் என்பதைக் காட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் எழுந்தது பாருங்கள் சிரிப்பு! கிழவிகள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். கோட்டுக்காரர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"வீட்டுக்கு ஓட்டிட்டு வந்த பொறவுதான் கிடான்னு தெரிஞ்சுது," என்றேன். "கறி திங்காதவளுக்கு ஆட்டைப் பத்தி என்ன தெரியும்? பால் தராத சனியனை வச்சு என்ன பண்ண? அதான் குடுத்துட்டேன். அன்னிக்கு ஜாடையில ஏதோ தப்பாக் காட்டியிருப்பேன். எனக்கு உங்க பாஷை தெரியாது."

சிரித்தார்கள், சிரித்தார்கள், அப்படிச் சிரித்தார்கள். நான் ஆபீஸில் நடந்து வந்தால் தாலுகாவே எழுந்து நிற்கும். இங்கே கிடாவுக்கும் பெட்டை ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியாத கோட்டியாக நின்றேன். காது கொதித்தது. சிரிக்காதவர்கள் ரெண்டே பேர். அபோகா. அபூக்ரே.

அவர் என் அருகில் வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மெதுவாகப் பேசினார்.

"பரிசுன்னா சந்தோஷம்னு சொல்றார் மேடம். பரிசு குடுத்தவங்க, அதுல முதல் வாய் அவங்கதான் சாப்பிட்டுக் காட்டணுமாம். இல்லேன்னா வாங்கினவர் அதைத் தொடக் கூடாது. எங்க வழக்கம். கஞ்சி குடுத்தாலும், பீர் குடுத்தாலும், ஆடு குடுத்தாலும் அதுதான்." மரத்தடிக் கிடாவைத் திரும்பிப் பார்த்தான். "சாப்பிடலேன்னா அது பரிசு இல்ல. அகப்பட்ட ஆடுதான்."

கிழவர் லேசுப்பட்டவர் இல்லை. எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

"கொண்டாரச் சொல்லு," என்றேன்.

அறுத்தார்கள். நெருப்பு மூட்டினார்கள். கமிட்டி, கம்பெனி, ரெண்டு பூசாரி, பியுங்கு முழுக்க, யாரும் நகரவில்லை. உயிரே போனாலும் முகம் சுளிக்கக் கூடாது என்று வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டில் ஆமவடையில் வெங்காய வாசம் வந்தாலே கார்த்திகைச் சோமவாரத்தில் எடுத்து வெளியே வைப்பார்கள். அந்த வீட்டுப் பெண் நான்.

அபூக்ரேயே கொண்டுவந்தார். சுரைக்குடுவை ஓட்டில் ஒரு துண்டு. ஈரலாம்.

சாப்பிட்டேன்.

மென்றேன். விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புகைதான் காரணம். வாயைத் திறந்து காட்டினேன், சின்னப் பிள்ளை மாத்திரை விழுங்கிவிட்டுக் காட்டுவதுபோல.

"எப்படி இருக்குன்னு கேக்குறார்," என்றான் அயாம்கா.

"உப்புப் பத்தல."

கிழவர் அதைக் கேட்டார். அயாம்கா மொழிபெயர்த்து முடியுமுன்பே முகம் இளகிவிட்டது. தலைவர் பக்கம் திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பரிசு வாங்கிக்கிட்டேன். பியுங்குல எனக்கு எதுவும் அகப்படல." அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்த அபோகாவைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். போன மழையில் ஆற்றின் அந்தக் கரையில் நின்று அவரும் லாரிபாவின் அலறலைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அயாம்கா ஜீப்பில் வரும்போது சொன்னான். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கிழக்குப் பக்கம் உரிமை கேட்க இனி ஆள் இல்லை. கமிட்டி அங்கேயே கையெழுத்துப் போட்டது. பியுங்கு மேற்கு. மேற்கு மருத்துவச்சியை அனுப்ப உத்தரவு அடுத்த வாரமே போகும் என்றார் கோட்டுக்காரர். மேப்பில் இனி ஒரு கோணல் வரும் என்று நிரஞ்சன் புலம்பினான். "வரட்டும். ஊர் கோணல், கோடு மட்டும் நேரா இருக்கணுமோ?" என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

விடிய விடிய வாந்தி. தண்ணீர் மாறியதால் இருக்கும்.

அபோகா சுக்குத் தண்ணீர் மாதிரி எதையோ வைத்துக்கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எதுக்கு சிஸ்டர்?" என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள். நிரஞ்சன் ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். அது உண்மைதான்.

ஊரிலிருந்து தங்கச்சி போன். என்னக்கா சாப்பிட்டே என்றாள். மோர் சாதம் என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

கம்பெனி வேலை போன வாரமே முடிந்துவிட்டது. டிக்கெட்டை மாற்றிப்போட்டேன். மழை சரியில்லை, ரோடு சரியில்லை, எனக்கும் இடுப்பு சரியில்லை.

தோனா கரை தெரியாமல் ஓடுகிறது. அக்கரையில் அபூக்ரே வீட்டு மரத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. காலையில் லாரிபாவுக்கு வலி எடுத்தது. அயாம்கா ஜீப்பை எடுத்துக்கொண்டு மேற்கே பறந்தான். அவன் போய்ச் சேருமுன்னாலேயே, போனில் செய்தி கேட்டு, பாதி வழியில் பைக்கில் எதிரே வந்துவிட்டாளாம் மருத்துவச்சி. தொடை வரை சேறு. வந்ததும் வராததுமாக ரோட்டைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், வெந்நீர் இன்னும் கொதிக்கவில்லை என்று அபோகாவைத் திட்டினாள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நான் அறைக்குள் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"சர்வேயர்."

"இங்க என்ன வேலை? வெளிய போய் எதையாவது அளங்க."

என் சர்வீஸில் என்னை இப்படி யாரும் பேசினதில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். மழையில் நனைந்தேன். உள்ளே லாரிபா அலறினாள், மருத்துவச்சி அதட்டினாள், அபோகா ஏதோ சாமியைக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். கறி தின்ற வாயால் கூப்பிட்டால் நெல்லைக் காந்திமதி அம்மன் கேட்பாளோ என்னவோ, கூப்பிட்டேன்.

மத்தியானம் மழை விட்ட நேரத்தில் பிள்ளை அழுதது.